பொளிந்து கனகாலமான கல்

லண்டனின் ஈஸ்ட்ஹாமில் குடியேறிப் பதினேழு ஆண்டுகள் ஆகின்றன. டிஸ்ரிக்ற் லைன் ரயிலில் நான்காவது நிறுத்தமான புறோம்லி-பை-போவில் இறங்கி, ஏ12 நெடுஞ்சாலையின் கீழுள்ள சுரங்கப்பாதையைக் கடந்து சிறிது தூரம் நடந்தால் ஹவுஸ் மில் என்ற பழைய அரைவை ஆலை வந்துவிடும். அத்தனை அருகில் இருந்தும், சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவுடன் போன போதுதான் முதன்முறையாக அதற்குள் காலடி வைத்தேன்.

லீ ஆற்றின் குறுக்கே ஐந்து தளங்களாக நிற்கும் இந்த ஆலையை 1776இல் டானியல் பிஸன் என்பவர் கட்டினார். அந்த ஆண்டு முகப்புச் சுவரில் இன்றும் காணப்படுகிறது. உலகில் எஞ்சியிருக்கும் வற்றுப்பெருக்கு ஆலைகளுள் இதுவே மிகப் பெரியது என்கிறார்கள். இதை இயக்கியது மலையிலிருந்து இறங்கி வரும் நீரன்று, கடல்நீரின் ஏற்ற இறக்கமே. பருத்தித்துறையில் வற்றும் பெருக்கும் ஒரு மீற்றரைக்கூட எட்டுவதில்லை. தேம்ஸிலோ பறுவத்தையும் அமாவாசையையும் ஒட்டிய நாள்களில் நீர் ஆறு மீற்றருக்கு மேல் ஏறி இறங்கும். அந்தப் பெருக்கு லீ ஆற்றை மேல்நோக்கித் தள்ளும்போது மதகுக் கதவுகள் தாமாகவே திறந்து நீரை உள்ளே விடும். நீர் திரும்பத் தொடங்கியதும், தேங்கி நிற்கும் நீரின் பாரமே அக்கதவுகளைச் சாத்திவிடும். கீழே ஆறு போதிய அளவு வற்றும்வரை காத்திருந்து மடையைத் திறந்தால், நான்கு சக்கரங்கள் சுழன்று 12 சோடிக் கற்களை ஓட்டும். பெருக்கு ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிடம் பிந்தி வருவதால், ஆலையில் வேலை செய்தவர்களுக்குப் பகல் இரவு என்ற கணக்கு இருந்திருக்க முடியாது. ஆறு நடுச்சாமத்தில் வற்றினால் அரைப்பதும் நடுச்சாமத்தில்தான்.

கற்கள் இருக்கும் தளத்துக்கு ஏறியதும் அம்மா களைப்பை மறந்துவிட்டார். வழிகாட்டியாக வந்த முதியவர், ஓய்வு பெற்ற பொறியியலாளர், கல்லின் முகத்தில் வெட்டியிருக்கும் வாய்க்கால்களைக் காட்டி, தானியத்தை அறுப்பதும் மாவை விளிம்புக்குத் தள்ளுவதும் இவையே என்று விளக்கிக்கொண்டிருந்தார். அம்மா அவர் முடிக்குமுன் குனிந்து, அந்த வரிகளின் மேல் பெருவிரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, "பொளிஞ்சு கனகாலம் போல கிடக்கு" என்றார். நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். முதியவர் சிரித்துவிட்டு, இத்தனை ஆண்டுகளில் கல்லைத் தொட்டதும் அதைச் சொன்ன முதல் பார்வையாளர் உங்கள் அம்மாதான் என்றார்.

அதன் பின் இருவருக்குமிடையே நடந்த உரையாடலை நான் மொழிபெயர்த்துக் களைத்துப்போனேன். எங்கள் ஊரில் அம்மி பொளிய, அதாவது தேய்ந்த கல்லைக் கொத்திச் சொரசொரப்பாக்க, வருபவர் உளியும் சுத்தியலுமாக வருவார். இங்கோ தடித்த மரப்பிடிக்குள் இருமுனையும் கூரான உருக்குத் தகட்டைச் செருகி, மணிக்கணக்காக ஒருக்களித்துப் படுத்தபடி கொத்துவார்களாம். தெறிக்கும் உருக்குத் துணுக்குகள் புறங்கையில் புதைந்து நீலப் புள்ளிகளாக நின்றுவிடும் என்றும், வேலை கேட்டு வருபவரின் அனுபவத்தை அந்தக் கையைப் பார்த்தே அறிந்துகொள்வார்கள் என்றும் முதியவர் சொன்னார். பல்சக்கரங்களில் இரும்புக்கு எதிரே மரப் பற்களைப் பொருத்தியிருப்பது ஏன் என்று அம்மா கேட்டார். இரும்போடு இரும்பு உரசிப் பொறி பறந்தால் மாத்தூசி தீப்பற்றிவிடும் என்பது ஒரு காரணம். உடைந்த மரப் பல்லை மாற்றுவது எளிது என்பது மற்றொன்று. இங்கே அரைபட்ட தானியத்தில் பெரும்பகுதி பக்கத்து வடிசாலைக்கு ஜின் காய்ச்சப் போனது என்று அறிந்ததும் மட்டும் அம்மாவின் முகம் சற்று மாறியது. "அட, சாராயத்துக்கோ இவ்வளவும்!"

இரண்டாம் உலகப் போரில் பக்கத்திலிருந்த ஆலைக்காரர் வீடு குண்டுவீச்சில் சிதைந்தது. 1941இல் இந்தச் சக்கரங்கள் நின்றன. எதிரே உள்ள, கடிகார ஆலை எனப்படும் மற்றோர் அரைவை ஆலை 1952வரை ஓடியது. பிறகு ஹவுஸ் மில் வெறும் களஞ்சியமாகி, 1970களில் இடிபடும் நிலைக்கு வந்தது. அதைத் தடுத்தவர்கள் உள்ளூர் மக்களும் மரபுரிமையில் அக்கறை கொண்டவர்களும்தான். அவர்களது முயற்சியின் தொடர்ச்சியாக அமைந்த அறக்கட்டளை கட்டடத்தைச் செப்பனிட்டு, சிதைந்த ஆலைக்காரர் வீட்டையும் பழைய முகப்போடு மீண்டும் எழுப்பியது. இன்றும் பெரும்பாலும் தொண்டர்களின் உழைப்பிலேயே ஆலை திறந்து வைக்கப்படுகிறது.

சக்கரத்தை மீண்டும் சுழல வைக்க வேண்டும், அதிலிருந்து மின்சாரமும் பெற வேண்டும் என்ற ஆசை இவர்களிடையே நெடுநாளாக உண்டு. எனக்கு அதில் உடன்பாடே. ஆனால் மறுதரப்பின் வாதத்தையும் எளிதில் தள்ளிவிட முடியவில்லை. பல தலைமுறை உழைப்பின் தேய்மானம் அப்படியே பதிந்திருக்கும் இயந்திரத்தில் அச்சை மாற்றி, பற்களை மாற்றி, பலகைகளையும் மாற்றினால், முடிவில் ஓடப்போவது புதிய இயந்திரமாகத்தான் இருக்கும். நான்கு சக்கரங்களில் ஒன்றை மட்டும் ஓட்டி, மற்ற மூன்றையும் துருவோடு விட்டுவைப்பதே முறை என்று எனக்குத் தோன்றுகிறது.

அதைவிடப் பெரிய சிக்கல் நீரில் இருக்கிறது. ஒலிம்பிக் பூங்காவின் கட்டுமானப் பொருள்களைப் படகில் கொண்டுசெல்ல வசதியாக 2009இல் அருகே நீர்ப்பூட்டும் (படகுகளை ஒரு மட்டத்திலிருந்து இன்னொரு மட்டத்துக்கு ஏற்றி இறக்கும் கதவமைப்பு) அணையும் அமைத்தபோது, மேற்புற ஆறு பெருக்கிலிருந்து பிரிக்கப்பட்டு ஒரே மட்டத்தில் நிறுத்தப்பட்டது. பழைய முறைப்படி பெருக்கைப் பிடித்து அடைப்பதற்கு இப்போது இடமில்லை. கிழக்கு இங்கிலாந்தின் சஃபோக்கில் உள்ள உட்பிரிட்ஜ் வற்றுப்பெருக்கு ஆலைக்கும் இதே போன்ற தொல்லை இருந்தது. 1957இல் அச்சு முறிந்து நின்ற அந்த ஆலையின் 7 ஏக்கர் குளம் படகுத்துறையாக மாறிவிட்டது. அவர்கள் அரை ஏக்கர் அளவில் வேறொரு குளம் வெட்டினார்கள். 2011இல் புதிய சக்கரம் பொருத்தி மறுபடி மாவு அரைக்கத் தொடங்கினார்கள். நாள் முழுவதும் ஓட்ட அந்த நீர் போதாது, ஆனாலும் ஓடுகிறது.

வெளியே வந்து ஆலையின் முன்புறம் கல் பாவிய வழியில் நின்றோம். வடக்கே ஆறு அசையாமல் நிறைந்து கிடந்தது. தெற்கே வற்று நேரமாதலால் சேறும், சேற்றில் புதைந்த ஒரு மிதிவண்டியும், நடுவே மெலிந்த நீரோடையும் தெரிந்தன. இரண்டு மட்டங்களையும் அம்மா மாறி மாறிப் பார்த்தார். "இஞ்சால தண்ணி நிக்குது, அங்கால பள்ளமாக் கிடக்கு. துறந்து விட்டாச் சுத்துந்தானே?" என்றார்.

அந்தக் கேள்வியை மொழிபெயர்த்துக் கேட்க நான் திரும்பி உள்ளே போனேன்.