12 அடி மச்சினன்

மச்சினன் ஜிக்கிங் கற்றுக்கொள்ளப் போகிறானாம். படகிலிருந்து ஜிக் என்கிற உலோக மீனை நேர் கீழே அடிமட்டம் வரைக்கும் இறக்கி, வெடுக் வெடுக்கென்று தூக்கித் தூக்கி, கீழே இருக்கிற மீனைக் கோபப்படுத்தும் வித்தை. பொருத்தமான ஆள்தான். என்னைக் கோபப்படுத்த அவனுக்கு ஜிக்கே தேவையில்லை.

"ராடு (தூண்டில் கோல்) வாங்கும் முன்பு ஒரு வார்த்தை கேள்" என்று சொல்லியிருந்தேன். கேட்டான். அவனிடம் அந்த மரியாதை உண்டு, கேட்பான். "ஐந்தரை, மிஞ்சிப்போனால் ஆறரை அடி போதும்டா. தூர வீசுகிற வேலையே இல்லை. ராடு நீள நீள நெம்புகோல் வசதி மீனுக்குத்தான், உனக்கு இடுப்புவலி." தலையை நன்றாக ஆட்டினான். மறுநாள் 12 அடி ராடோடு வந்து நிற்கிறான்! கரையில் நின்று அலையைத் தாண்டி வீசுகிறவர்களுக்கான ராடு அது. அந்த ராடால் வீசக்கூடிய எடை 100-200 கிராம் என்று கைப்பிடிக்கு மேலே அச்சடித்திருந்ததைக் காட்டி, "என் ஜிக் 150 கிராம் மாமா, பத்துப் பொருத்தமும் இருக்கு" என்றான். வாயைத் திறந்தேன். "ஆசையா வாங்கியிருக்கான், விடுங்களேன்" என்று என் மனைவியிடமிருந்து தீர்ப்பு வந்துவிட்டது.

இதே அம்மணிதான் என் ராடுகளைப் பார்த்து "எல்லாம் குச்சிதானே" என்பவர். பொறுமையாக விளக்கியிருக்கிறேன். மும்முள், அதாவது மூன்று முனைக் கொக்கி, மாட்டிய லூருக்கு (போலி இரைக்கு) நடு வரைக்கும் வளைகிற ராடு வேண்டும், விறைப்பாக இருந்தால் மீன் உதறும்போது முள் வாயைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். ரப்பர் புழுவை ஒற்றை முள்ளில் கோத்தால் நுனி மட்டும் வளைகிற ராடு, சட்டென்று இழுத்து முள்ளை ஏற்ற. எல்லாம் கேட்டுவிட்டு, "சரி, மூலையில இருக்கிற அந்த மூணு?" என்பார்.

படகுக்கு வருவோம். ராடைத் தூக்கிய முதல் வீச்சில் பக்கத்திலிருந்தவர் தொப்பி தண்ணீரில். இழுக்கும்போதெல்லாம் நுனி சாவகாசமாகக் குனிந்து கும்பிடு போட்டது. கீழே ஜிக் அசைந்ததா என்பது கடலுக்கே வெளிச்சம். அதிலும் ஒரு மீன் கடித்தது பாருங்கள்! பதற்றத்தில் அதை நுனி வரைக்கும் சுருட்டிவிட்டான். மீன் 12 அடிக்கு அப்பால் அந்தரத்தில் தொங்குகிறது. "தூண்டில் நரம்பைக் கொஞ்சம் விடுடா!" என்று கத்துகிறேன். அவனோ மீனைக் கிட்டே கொண்டுவரப் பின்னாலேயே நடக்கிறான். நடந்து நடந்து படகு தீர்ந்துவிட்டது. நான் வலையை நீட்டிப் பாதி உடம்பு வெளியே தொங்க, மீன் வாலால் ஒரு அடி அடித்து என் கண்ணாடி முழுக்க உப்புத் தண்ணீரைத் தெளித்துவிட்டு, முள்ளை உதறிப் போயே போய்விட்டது.

"ராடு மேல தப்பில்ல மாமா. உங்க வலையோட கைப்பிடிதான் குட்டை."

இதை வீட்டிலும் ஒப்பித்திருக்கிறான். ராத்திரி விளக்கை அணைத்த பிறகு பக்கத்திலிருந்து கேள்வி வருகிறது: "இத்தனை வருஷமா மீன் பிடிக்கிறீங்க, ஒரு வலையைப் பாத்து வாங்கத் தெரியாதா?"