டிசம்பர் 11: ஒரே ஒரு நாளுக்கு ஒரு நோட்டு

பத்திரிகையின் மூலையில் 'வரலாற்றில் இன்று' என்று ஒரு பெட்டி வருமே, பள்ளிக் காலத்திலிருந்தே எனக்கு அதன்மேல் தீராத ஆசை. ஆனால் ஒரு வரியில் போர், அடுத்த வரியில் நடிகர் பிறந்தநாள், அதற்கடுத்து விமான விபத்து என்று போகும். ஒரு வரிக்கும் பக்கத்து வரிக்கும் பேச்சுவார்த்தையே இருக்காது. ஒரே ஒரு தேதியை எடுத்துக்கொண்டு ஆழமாகத் தோண்டினால் என்ன கிடைக்கும் என்று பார்க்க நினைத்தேன். தேதியைத் தேர்ந்தெடுக்க யோசனையே தேவைப்படவில்லை. பாரதி பிறந்த டிசம்பர் 11.

வேலை இதுவரை எங்கே வந்து நிற்கிறது என்பதற்கான குறிப்பு இது.

அட்டை

நோட்டில் நேராக எழுதினால் இடையில் புது விஷயம் செருக முடியாது. அதனால் தடித்த அட்டைகள் வாங்கி, நிகழ்ச்சிக்கு ஒன்றாக எழுதி, ஆண்டு வரிசையில் ஒரு பெட்டியில் அடுக்கி வருகிறேன். எல்லாம் முடிந்த பிறகுதான் நோட்டில் ஏற்றுவது. அட்டையின் மேல்பகுதி, வீட்டில் மாட்டும் தினசரி காலண்டர் தாளின் அமைப்புதான்: ஆங்கிலத் தேதி, கிழமை, தெரிந்தால் தமிழ்த் தேதியும் நட்சத்திரமும். அதன் கீழே நடந்த இடமும், அந்த ஊர் நேரமும். கடைசி வரிக்கு ஒரு கேள்வி: ஏன் இந்தத் தேதியில்?

அந்தக் கடைசி வரியை நிரப்புவதுதான் கடினம். முழு வேலையும் அதில்தான் இருக்கிறது.

முதல் அட்டை பாரதி. 1882 டிசம்பர் 11, திங்கட்கிழமை, எட்டயபுரம். சித்திரபானு ஆண்டு, கார்த்திகை 27, மூல நட்சத்திரம். அதே கார்த்திகை 27 இப்போது டிசம்பர் 12 அல்லது 13இல் வருகிறது. நம் பஞ்சாங்கத்தின் சூரிய ஆண்டு ஆங்கில ஆண்டைவிட 20 நிமிடங்களுக்கு மேல் நீளம். அந்த நிமிடங்கள் 140 ஆண்டுகளில் சேர்ந்து, தமிழ்த் தேதியை டிசம்பர் 11ஐ விட்டு நகர்த்திவிட்டன. பாரதியின் பிறந்தநாளை நட்சத்திரப்படி கொண்டாடினால் ஒரு நாள், தமிழ்த் தேதிப்படி வேறொரு நாள், அரசுக் கணக்கில் டிசம்பர் 11. மூன்றையும் அட்டையில் வைத்திருக்கிறேன்.

1882: ஒரே திங்கட்கிழமையில் மூவர்

தேதி ஒத்துப்போவது சாதாரணம். ஆண்டும் ஒத்துப்போனால் அது வேறு. பாரதி பிறந்த அதே நாளில், அதே ஆண்டில் பிறந்த பெரிய மனிதர்கள் இருக்கிறார்களா என்று தேடினேன். இருவர் கிடைத்தார்கள். பிரெஸ்லாவ் நகரில் (இன்று போலந்தின் விரோத்ஸ்வாஃப்) மாக்ஸ் போர்ன். நியூயார்க்கில் ஃபியோரெல்லோ லா கார்டியா. ஒருவர் இயற்பியலாளர், மற்றவர் பிற்காலத்தில் நியூயார்க்கின் மேயர். விமான நிலையத்துக்குப் பெயர் கொடுத்தவர்.

இந்த மூவருக்கு மட்டும் பெரிய தாள் எடுத்து, மூன்று பத்திகள் போட்டு, வயது வாரியாக நிரப்பினேன். எனக்கு மிகவும் பிடித்த தாள் இதுதான்.

25, 26 வயதில் பாரதி கைதுக்குத் தப்பிப் புதுச்சேரி போகிறார். அங்கே பத்து ஆண்டுகள். அதே வயதில் லா கார்டியா நியூயார்க் துறைமுகத்தின் எல்லிஸ் தீவில் மொழிபெயர்ப்பாளர். கப்பலில் வந்திறங்கும் இத்தாலியர்களுக்கும் குரோவேஷியர்களுக்கும் அதிகாரிகள் கேட்பதைச் சொல்லிக்கொடுத்துவிட்டு, இரவில் சட்டம் படிக்கிறார். போர்ன் அப்போதுதான் ஜெர்மனியின் கோட்டிங்கனில் முனைவர் பட்டம் முடித்திருந்தார்.

38 வயதுக்கான வரியில் 1921. பாரதி திருவல்லிக்கேணியில் இறக்கிறார். லா கார்டியா அதே ஆண்டில் கைக்குழந்தையையும் மனைவியையும் பறிகொடுக்கிறார். மனைவியைக் கொண்டுபோனது காசநோய். காசநோய்க் கிருமியை ராபர்ட் கோக் கண்டறிந்து அறிவித்தது இவர்கள் பிறந்த அதே 1882இல், மார்ச் 24 அன்று. அந்தக் கோக் பிறந்ததும் ஒரு டிசம்பர் 11தான், 1843இல். கிருமி தெரிந்து நாற்பது ஆண்டு ஆகியும் மருந்து வந்திருக்கவில்லை.

போர்னின் பத்தியில் 1921 ஒரு தொடக்கம். அந்த ஆண்டில்தான் கோட்டிங்கனில் பேராசிரியராகப் பொறுப்பேற்றார். அவருக்கு நோபல் வாங்கிக்கொடுத்த ஆய்வு வந்தது 1926இல்: அணுவுக்குள் நடப்பதை உறுதியாகச் சொல்ல முடியாது, நிகழ்தகவாகத்தான் சொல்ல முடியும் என்பது. கடவுள் பகடை ஆடுவதில்லை என்ற கருத்தை ஐன்ஸ்டைன் எழுதியது போர்னுக்குத்தான். அந்தக் கடிதத்தின் தேதி 1926 டிசம்பர் 4. ஒரு வாரம் தள்ளி எழுதியிருந்தால் எனக்கு ஓர் அட்டை கிடைத்திருக்கும்.

பாரதிக்கு 38க்குக் கீழே வரிகள் காலி. மற்ற இரண்டு பத்திகளும் ஓடிக்கொண்டே இருக்கின்றன. லா கார்டியா 64 வயதில் 1947 வரை, போர்ன் 87 வயதில் 1970 ஜனவரி வரை. பாரதி இறந்த வயதில் இந்த இருவருடைய பெரிய வேலைகள் தொடங்கவேயில்லை. இதை எத்தனையோ முறை நினைத்திருக்கிறோம், சொல்லியும் இருக்கிறோம். அந்தக் காலிக் கட்டங்களை வரிசையாகக் கீழே பார்க்கும்போது கனமாக இருக்கிறது.

போர்னுக்கும் நம் பக்கத்துக்கும் உண்மையான தொடர்பு உண்டு. யூதர் என்பதால் 1933இல் ஜெர்மனியில் பதவியிழந்தவரை பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்கு அழைத்தவர் திருச்சியில் பிறந்த சி.வி. ராமன். 1935-36 குளிர்காலத்தை போர்ன் பெங்களூரில் கழித்தார். 53ஆம் பிறந்தநாள் அங்கேதான் வந்திருக்கும். அங்கேயே அவருக்கு நிலையான பதவி தர ராமன் முயன்றும் நடக்கவில்லை. போர்ன் எடின்பரோவுக்குப் போனார்.

நோபல் முடிச்சு

அடுத்த வியப்பு ஸ்டாக்ஹோமிலிருந்து வந்தது. ராமன் தன் நோபல் உரையை நிகழ்த்தியது 1930 டிசம்பர் 11. ஜெர்மன் இயற்பியலாளர் ஹைசன்பர்க் 1933 டிசம்பர் 11. கோட்டிங்கனில் போர்னோடு சேர்ந்து உருவாக்கிய குவாண்டம் இயக்கவியலுக்காக ஹைசன்பர்க் மட்டும் தனியாகப் பரிசு பெற்ற ஆண்டு அது. உரை நிகழ்ந்தது போர்னின் 51ஆம் பிறந்தநாளில். போர்னுக்கு முறை வந்தது 1954இல். அவர் உரை நிகழ்த்தியதும் டிசம்பர் 11, தன் 72ஆம் பிறந்தநாளன்று. மார்ட்டின் லூதர் கிங் 1964, அன்னை தெரசா 1979, இருவரும் ஆஸ்லோவில் பேசியதும் இதே தேதியில்.

விதி என்று நினைக்கத் தோன்றும். காரணம் எளியது. ஆல்ஃபிரட் நோபல் இறந்தது 1896 டிசம்பர் 10. பரிசளிப்பு அந்த நாளில். ஆகவே பலருடைய உரை மறுநாள் வந்துவிடுகிறது. இப்படி ஒரு தேதிக்குப் பின்னால் இருக்கும் ஏற்பாட்டைக் கண்டுபிடிக்கும்போது வியப்பு குறைவதில்லை, கூடுகிறது. ராமன் பேசியது ஏற்பாட்டால்; போர்ன் அந்த நாளில் பிறந்தது யாருடைய ஏற்பாடும் இல்லை; இரண்டும் ஓரிடத்தில் வந்து சேர்ந்தன.

'ஏன் இந்தத் தேதி' என்ற வரியில் வேறு விதமான பதில்களும் சேர்ந்திருக்கின்றன. பருவநிலை மாற்றம் பற்றிய 1997 கியோட்டோ மாநாடு டிசம்பர் 10இல் முடிந்திருக்க வேண்டியது. பேச்சு இழுத்துக்கொண்டு போய், உடன்பாடு மறுநாள்தான் ஏற்கப்பட்டது. சீனா உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தது 2001 டிசம்பர் 11. நவம்பர் 11இல் கையெழுத்திட்டு முப்பது நாள் எண்ணியதால் வந்த தேதி.

பிரிட்டன் அட்டைகள் இரண்டும் அருமையாகக் கோத்துக்கொண்டன. 1931 டிசம்பர் 11இல் வெஸ்ட்மின்ஸ்டர் சட்டம் வந்து, கனடா, தென்னாப்பிரிக்கா, அயர்லாந்து போன்ற டொமினியன்கள் (பிரிட்டிஷ் பேரரசுக்குள் தன்னாட்சி பெற்ற நாடுகள்) தங்கள் சட்டத்தைத் தாங்களே இயற்றலாம் என்றானது. சரியாக ஐந்தாண்டு கழித்து, 1936 டிசம்பர் 11இல், எட்டாம் எட்வர்டு அரியணையைத் துறந்தார். முந்தைய சட்டத்தால், டொமினியன்களும் இதற்குத் தனியாக ஒப்ப வேண்டியிருந்தது. தென்னாப்பிரிக்கா தன் சட்டத்தில் டிசம்பர் 10 என்று வைத்தது. அயர்லாந்தில் அது 12ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. ஒரே மனிதர், ஒரே முடிவு, மூன்று தேதிகள்.

யாருடைய கடிகாரம்?

இதற்கு ஒரு விதி வகுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. பூமியின் கிழக்கு நேர மண்டலத்தில் தொடங்கி மேற்கில் முடிவதற்குள் ஒரு தேதி 50 மணி நேரம் உயிரோடிருக்கிறது. நிகழ்ச்சி நடந்த ஊரின் நேரப்படி டிசம்பர் 11 என்றால் அட்டை உண்டு; இந்திய நேரம் வேறாக இருந்தால் அதைப் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதுவது என்று முடிவு செய்தேன்.

பண்டிட் ரவிசங்கர் கலிஃபோர்னியாவின் சான் டியாகோவில் 2012 டிசம்பர் 11 மாலை நாலரை மணியளவில் காலமானார். அப்போது இந்தியாவில் 12ஆம் தேதி காலை ஆறு. எம்.எஸ். சுப்புலட்சுமி சென்னையில் மறைந்தது 2004 டிசம்பர் 11, சனிக்கிழமை இரவு. இதில் எந்தக் குழப்பமும் இல்லை. பாரத ரத்னா பெற்ற முதல் இசைக்கலைஞர் எம்.எஸ். (1998). மறு ஆண்டே ரவிசங்கருக்கு. இருவருடைய அட்டைகளும் பெட்டியில் அடுத்தடுத்துதான் நிற்கின்றன, ஒன்றில் மட்டும் சிவப்பு மை.

நிலவுக்கு எந்த ஊர் நேரம்? அப்பல்லோ 17 இறங்கியது 1972 டிசம்பர் 11, உலகப் பொது நேரம் இரவு 7:54. ஹூஸ்டனில் பிற்பகல். இந்தியாவில் 12ஆம் தேதி அதிகாலை 1:24. விண்கலத்தை ஹூஸ்டனிலிருந்து வழிநடத்தினார்கள் என்பதால் அந்த ஊர் நேரத்தையே நிலவுக்கும் வைத்துவிட்டேன். அதன்பின் மனிதர் யாரும் நிலவில் இறங்கவில்லை என்பதால் இது பெட்டியின் கனமான அட்டைகளில் ஒன்று.

நள்ளிரவுச் சிக்கலுக்கு மிகச் சிறந்த உதாரணமும் பாரதியிடமே இருக்கிறது. அவர் உயிர் பிரிந்தது 1921 செப்டம்பர் 11 நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணியளவில். ஆங்கிலக் கணக்கில் அது 12. சூரிய உதயத்திலிருந்து நாளை எண்ணும் நம் வழக்கத்தில் விடியும்வரை முந்தைய நாள்தான். தமிழக அரசு 11ஐ மகாகவி நாளாகக் கடைப்பிடிக்கிறது. இரண்டு கணக்குக்கும் நியாயம் இருக்கிறது.

பழைய அட்டைகளில் ஒன்று மட்டும் தனி உறையில் இருக்கிறது. வேல்ஸ் இளவரசர் லிவெலின் கொல்லப்பட்ட 1282 டிசம்பர் 11. அது ஐரோப்பாவில் முன்பு இருந்த ஜூலியன் நாட்காட்டித் தேதி. இன்றைய கணக்குக்கு ஏழு நாள் கூட்டினால் டிசம்பர் 18. அந்தக் காலத்து மக்கள் 11 என்றுதான் எழுதினார்கள் என்பதால் வெளியேற்ற மனமில்லை.

இப்போது கையில் இருப்பது: 1946

வேலை இந்த அட்டையில் நிற்கிறது. ஒரே அட்டையில் அடங்காமல் வளர்ந்துகொண்டிருக்கிறது. 1946 டிசம்பர் 11, டெல்லி. இரண்டு நாள் முன்பு கூடிய அரசியல் நிர்ணய சபை அன்று ராஜேந்திர பிரசாத்தை நிரந்தரத் தலைவராகத் தேர்ந்தெடுக்கிறது. ராதாகிருஷ்ணனும் சரோஜினி நாயுடுவும் வாழ்த்திப் பேசுகிறார்கள். டெல்லியில் அந்தக் கூட்டம் முடிந்த பிறகுதான் நியூயார்க்கில் அதே தேதி விடிகிறது. அங்கே ஐ.நா. பொதுச்சபை. இனப்படுகொலை சர்வதேசச் சட்டப்படி குற்றம் என்ற தீர்மானம் அன்று நிறைவேறுகிறது. அதை முன்மொழிந்த மூன்று நாடுகளில் இன்னும் சுதந்திரம் பெறாத இந்தியாவும் ஒன்று. அதே நாளில் குழந்தைகளுக்கான நிதியம், யுனிசெஃப், உருவாக்கப்படுகிறது.

யுனிசெஃபுக்கு முதல் பணம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தபோது லா கார்டியா மறுபடி வந்து நின்றார். போருக்குப் பிந்தைய நிவாரணத்துக்காக ஐ.நா. பெயரில் நடந்த அமைப்பு மூடப்படவிருந்தது. அதன் மிச்ச நிதியைக் கொண்டுதான் யுனிசெஃப் தொடங்கியது. 1946இல் அந்த நிவாரண அமைப்பின் தலைவர் லா கார்டியா. பொதுச்சபை கூடியிருந்த ஃப்ளஷிங் மெடோஸ் கட்டடம் 1939 உலகக் கண்காட்சிக்காக அவர் மேயராக இருந்தபோது எழுந்தது. அன்று அவருக்கு 64 வயது நிறைவு. பாரதி இருந்திருந்தால் அவருக்கும்.

அடுத்து அரசியல் நிர்ணய சபை விவாதத் தொகுதியில் அந்த நாளின் பக்கங்களை நகலெடுத்து, டெல்லி நேரத்தையும் நியூயார்க் நேரத்தையும் பக்கத்துப் பக்கத்தில் போட்டு, மணி வாரியாக எழுத வேண்டும். விஸ்வநாதன் ஆனந்த் அட்டை (1969, மயிலாடுதுறை) அதற்குப் பிறகு. அதோடு சேர்க்க ஒரு துணுக்கு எடுத்து வைத்திருக்கிறேன்: ஆனந்தின் 55ஆம் பிறந்தநாளன்று சிங்கப்பூரில் குகேஷ் ஆடிய உலகப் பட்டத்துக்கான 13ஆவது ஆட்டம் டிரா. பட்டம் கிடைத்தது 12ஆம் தேதி. அது இந்தப் பெட்டிக்குள் வராது.