தொட்ட பிறகு தெரிந்த முகம்

அம்மாவுக்குப் பார்வை முழுதாகப் போய்விடவில்லை. விழித்திரையின் நடுப்பகுதி பழுதாகிவிட்டதால் நேரே பார்த்தால் புகைமூட்டம். முகத்தைச் சற்றுத் திருப்பினால் ஓரத்தில் உருவம் தெரியும். இப்படி அரைகுறையாகத் தெரிகிறவர்களை அருங்காட்சியகங்கள் மறந்துவிடுகின்றன. இந்தப் பயணத்தில் முதலில் போன இடத்தில் அதுதான் நடந்தது. காகித ஓவியங்களின் நிறம் மங்காமலிருக்க வெளிச்சத்தை 50 லக்ஸ் என்ற மங்கலான அளவில் வைத்திருப்பார்கள். அது நியாயம். சாம்பல் பலகையில் வெளிர் எழுத்தால் பொடிப்பொடியாகக் குறிப்பு எழுதுவதில் என்ன நியாயம்? படிக்கக் குனிந்து அருகில் போனார் அம்மா, அலாரம் அடித்தது. அதன்பிறகு பெஞ்சை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

அடுத்து, இத்தாலியின் அட்ரியாட்டிக் கரையிலுள்ள அங்கோனா. துறைமுகத் தண்ணீர் சூழ, ஐங்கோண வடிவில் நிற்கிறது மோலே வான்விடெல்லியானா. கப்பலில் வருகிறவர்களைத் தனிமைப்படுத்தி வைக்க 18ஆம் நூற்றாண்டில் கட்டியது. அதற்குள் இருக்கிறது ஓமேரோ அருங்காட்சியகம். ஆல்டோ கிராசினி, டானியெலா பொட்டெகோனி என்ற பார்வையற்ற தம்பதியின் முயற்சியால் 1993இல் பிறந்தது. இங்கே எல்லாவற்றையும் தொடலாம்.

"நிஜமாவே தொடலாமாடா?" என்று மூன்று முறை கேட்டார் அம்மா. முந்தைய அலாரம் இன்னும் காதில் இருந்தது போலும். மைக்கலாஞ்சலோவின் தாவீது சிலையுடைய தலையின் நகல். முதலில் ஒரு விரல், பிறகு இரண்டு கைகளும். சுருள்முடிக்குள் விரல்கள் புகுந்து வெளியே வந்தன. நெற்றியில் நின்றன.

"கோபமா இருக்கான். இங்க பாரு, புருவத்துக்கு நடுவுல மடிப்பு."

பிறகு கண்ணுக்குள். "கண்மணி இருக்கற எடத்துல குழி வெட்டியிருக்கு. இதயம் மாதிரி."

அரைமணி நேரம் அங்கேயே நின்றோம். மற்ற கூடங்களை வேகமாகத்தான் பார்க்க முடிந்தது. அதில் எனக்கு வருத்தமில்லை.

இரண்டு நாள் கழித்து ஃப்ளோரன்ஸில் அசல் தாவீது. 5.17 மீட்டர் உயரம்; கூரைக் கண்ணாடி வழியாக இறங்கும் பகல் வெளிச்சம். அம்மா என் கையை விட்டுவிட்டு, தலையைச் சாய்த்தபடி தானே சிலையைச் சுற்றி நடந்தார். எதைத் தேட வேண்டும் என்று விரல்கள் ஏற்கெனவே சொல்லிக்கொடுத்திருந்தன.

"தல இடது பக்கம் திரும்பியிருக்கு. நெத்தி எங்கன்னு தெரியுது." சற்று நின்று, "கண்ணுல அந்தக் குழி தெரியுதா உனக்கு?" என்றார்.

அவ்வளவு உயரத்தில் அதன் வடிவம் எனக்குப் பிடிபடவில்லை. அம்மா என் உள்ளங்கையை விரித்து, விரலால் வரைந்து காட்டினார்.