ரங்கூன் பெட்டியும் காகிதப் பொம்மையும்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவிலுள்ள பழம்பொருள் கடைகளுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் தேக்குத் தூண்களையும் எனாமல் பாத்திரங்களையும் தேடி வருகிறார்கள். நான் தேடுவது பண்டிகை வாழ்த்து அட்டைகளையும், உடை மாற்றி விளையாடும் காகிதப் பொம்மைகளையும் மட்டுமே.

இந்த ஆசை அப்பத்தாவின் தகரப் பெட்டியில் தொடங்கியது. அய்யா, அதாவது என் தாத்தா, ரங்கூனில் அடுத்தாளாக (வட்டிக்கடை முகவருக்கு உதவியாளராக) இருந்தபோது அனுப்பிய அட்டையொன்று, 1936 என்ற அஞ்சல் முத்திரையோடு அதில் கிடந்தது. முன்பக்கத்தில் சிவப்பு நாடா கட்டிய கிறிஸ்துமஸ் மணிகள். விரலால் தடவினால் மணி புடைத்திருப்பது தெரியும். பின்பக்கத்திலோ, கிட்டங்கியில் (கடையும் தங்குமிடமும் சேர்ந்த கட்டடம்) ஆள் குறைவாக இருப்பதால் தைப்பொங்கலுக்கு வர இயலாது என்று பென்சிலில் நான்கு வரிகள். அந்த நான்கு வரிக்காகத்தான் அப்பத்தா அதைக் கடைசிவரை வைத்திருந்தார்கள்.

முத்திரை அழிந்த அட்டை கைக்கு வந்தால், அதன் காலத்தை அறிய முதலில் பின்பக்கத்தைத்தான் பார்ப்பேன். இந்தியாவில் காலணா அஞ்சலட்டை 1879இல் வந்தது. பின்னர் வந்த படஅட்டைகளில் தொடக்கத்தில் ஒரு பக்கம் முழுவதும் முகவரிக்கே உரியது என்பதால், சொல்ல வந்ததைப் படத்தின் ஓரத்தில் நெருக்கி எழுதியிருப்பார்கள். நடுவே கோடிட்டு இடப்புறம் செய்தி எழுத பிரிட்டன் 1902இலும் அமெரிக்கா 1907இலும் அனுமதித்தன. அதன்பின் உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுப்பேன்: கல்லில் வரைந்து அச்சிடும் பழைய முறையான கல்லச்சில் வண்ணப் புள்ளிகள் மணல் தூவியதுபோல் ஒழுங்கின்றிக் கிடக்கும்; இன்றைய ஆஃப்செட் நகலில் அவை வரிசை பிசகாமல் நிற்கும்.

காகிதப் பொம்மைக்கு இன்னும் நீண்ட வரலாறு உண்டு. 1810இல் லண்டனில் வெளிவந்த லிட்டில் ஃபேன்னி என்ற சிறுமியின் கதையில், அவளுடைய தலையை மட்டும் எடுத்து ஒவ்வோர் உடையிலும் பொருத்தலாம். வாழ்த்து அட்டைகளால் பெயர்பெற்ற ரஃபேல் டக் நிறுவனம் இத்தகைய பொம்மைகளையும் அச்சிட்டது. அதன் லண்டன் கட்டடம் 1940 டிசம்பர் குண்டுவீச்சில் எரிந்துபோனதால், அங்கிருந்த மூலப்படங்களும் ஆவணங்களும் அழிந்தன.

அதே தகரப் பெட்டியில், ஓர் உறைக்குள், தடித்த அட்டையில் வெட்டிய பொம்மைச் சிறுமியும் இரண்டு கவுன்களும் இருந்தன. மூன்றாவது உடையை என் பெரிய அத்தை சிறுவயதில் தாமே செய்திருக்கிறார்கள்: நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் அரக்கும் மஞ்சளுமாகக் கட்டம் போட்ட கண்டாங்கிச் சேலை. ரவிவர்மா அச்சுப் படங்களுக்கு ஜரிகையும் சமிக்கியும் ஒட்டி அலங்கரித்த ஊரில் வளர்ந்த பிள்ளைக்கு இது தோன்றியதில் வியப்பில்லை.

சென்ற ஆண்டு ஒரு கடையில் முப்பது பழைய பொங்கல் அட்டைகளை, அழகாக இருக்கட்டும் என்று லேமினேட் செய்து வைத்திருந்தார்கள். அதைப் பிரிக்க முயன்றால் வண்ணமும் சேர்ந்து உரிந்துவரும். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. பழங்காகிதத்தை ஒட்டாமல், பசையில்லாத பாலியெஸ்டர் உறையில், வெயில் படாத இடத்தில் வைத்தாலே போதும். கண்டாங்கிச் சேலையின் இடத்தோள் மடிப்புக் கிழிந்திருக்கிறது. அதையும் ஒட்டாமல், கிழிந்த துண்டோடு சேர்த்தே உறையிலிட்டு வைத்திருக்கிறேன்.