டோக்கன் ஓட்டும் தண்ணீர் முறையும்

2023 பட்டிப்பொங்கல் அன்று உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்தில் இருந்தேன். பட்டியில் பொங்கல் வைத்து, தெப்பக்குளம் மிதிக்க மாடுகளை ஓட்டி, எல்லாம் முடிய இரவாகிவிட்டது. கைகால் கழுவிவிட்டுப் போனை எடுத்தால், நான் ஒன்றரை வருடமாக வேலை பார்த்துவந்த அமைப்பில் ஒரு தீர்மானம் நிறைவேறியிருந்தது. பயனர் உதவிக் குழுவுக்கான நிதி அந்த மாதத்தோடு நிறுத்தம். குழுவில் 6 பேர், நானும் ஒருத்தி. ஓட்டுப் போட்டவை 11 வாலட்கள், அதாவது கிரிப்டோ பணம் வைக்கும் டிஜிட்டல் கணக்குகள். விழுந்த ஓட்டில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒரே வாலட்டிலிருந்து வந்திருந்தது.

அந்த அமைப்பு ஒரு டிஏஓ (DAO), அதாவது மையம் இல்லாமல் தானாக இயங்கும் அமைப்பு. முதலாளி, மேனேஜர், தலைமை அலுவலகம் எதுவும் கிடையாது. பிளாக்செயின் என்ற பொது டிஜிட்டல் பதிவேட்டில் எழுதி வைத்த ஸ்மார்ட் கான்ட்ராக்ட் என்ற கம்ப்யூட்டர் கோட்தான் விதிப்புத்தகம். பொதுப் பணமும் அதற்குள்தான் இருக்கும். அமைப்பின் டோக்கன் என்ற டிஜிட்டல் நாணயத்தை வைத்திருப்பவர்கள் தீர்மானம் கொண்டுவரலாம், ஓட்டுப் போடலாம். ஒரு டோக்கனுக்கு ஒரு ஓட்டு. தீர்மானம் ஜெயித்தால் கோட் தானாக ஓடிப் பணத்தை அனுப்பும், அல்லது நிறுத்தும். நான் சரவணம்பட்டியில் ஒரு வாடகை வீட்டு மாடியில் உட்கார்ந்து, தப்பான முகவரிக்குப் பணம் அனுப்பிவிட்டுத் தவிக்கிறவர்களுக்குப் பதில் எழுதுவேன். நீளமான தீர்மானங்களை எல்லோருக்கும் புரிகிற மாதிரி சுருக்கித் தருவேன். அந்த வேலையை மிகவும் நேசித்தேன். உலகத்தின் எந்த மூலையில் இருப்பவரும் யாரிடமும் கைகட்டி நிற்காமல் ஒரு பொதுப் பெட்டியை நிர்வகிக்கலாம் என்ற எண்ணம் இன்றும் எனக்குப் பெரிதாகத்தான் தெரிகிறது.

வேலை போனது வருத்தம்தான். ஆனால் மூன்று வாரம் கழித்து அந்தப் பெரிய வாலட் தன் டோக்கன் முழுவதையும் விற்றுவிட்டு வெளியேறியதைப் பார்த்தபோதுதான் மனம் ஆறவே இல்லை. முடிவை எடுத்தவர் போய்விட்டார். பதில் கிடைக்காத கேள்விகள் குவிந்து கிடந்தன. விதிகளை மறுபடி மறுபடி படித்தேன். ஒரு விதியும் மீறப்படவில்லை.

சரி, எல்லாம் விதிப்படி நடந்திருக்கிறது என்றால் விதியில் என்ன குறை? யோசிக்க வழி காட்டியது அப்பா.

எங்கள் பூமி பரம்பிக்குளம்-ஆழியாறு ஆயக்கட்டில் இருக்கிறது. பிஏபி என்றால்தான் எங்கள் பக்கம் எல்லோருக்கும் புரியும். திருமூர்த்தி அணையிலிருந்து சுமார் 3.77 லட்சம் ஏக்கர் பாசனம். அவ்வளவுக்கும் ஒரே சமயத்தில் கொடுக்கத் தண்ணீர் கிடையாது. அதனால் 4 மண்டலங்களாகப் பிரித்து மாற்றி மாற்றித் திறக்கிறார்கள். மண்டலத்துக்குள் சுற்றுக் கணக்கு, சுற்றுக்குள் மணிக் கணக்கு. 2000-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு பாசன சபை, பகிர்மானக் குழு, திட்டக் குழு என்று மூன்று அடுக்கில் விவசாயிகளின் அமைப்புகள் வந்தன. அப்பா ஒரு முறை சபையில் இருந்திருக்கிறார். நடந்ததை அவரிடம் சொன்னேன். டோக்கன், வாலட் எல்லாம் அவருக்குப் புதிது, பொறுமையாகக் கேட்டார்.

"ஓட்டுப் போட்டவனுக்கு அங்க பூமி இருக்குதா கண்ணு?"

"பூமியெல்லாம் இல்லீங்கப்பா. டோக்கன்தான். எப்ப வேணாலும் வித்துக்கலாம்."

"அப்பறம் அவனுக்கு என்ன பயம்? நாங்க எவ்வளவு சண்டை போட்டாலும் அடுத்த சுத்துக்கு அதே மடையிலதான் வந்து நிக்கோணும்."

அன்றிலிருந்து டிஏஓ நிர்வாகத்தைப் பற்றி எதைப் படித்தாலும் அந்தக் கேள்வியோடுதான் படிக்கிறேன். 2022 ஏப்ரல் 17 அன்று பீன்ஸ்டாக் என்ற கிரிப்டோ திட்டத்தில் நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் முந்தைய நாளே தீர்மானத்தைப் பதிவு செய்து வைத்தார். 24 மணி நேரம் கழிந்ததும் ஃப்ளாஷ் லோன் (ஒரே பரிவர்த்தனைக்குள் வாங்கித் திருப்பிக் கொடுக்கும் அடமானமில்லாத கடன்) மூலம் சுமார் 100 கோடி டாலர் கடன் வாங்கினார். அதை வைத்து மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஓட்டைப் பிடித்தார். அவசரத் தீர்மானம் என்ற வழியில் உடனே நிறைவேற்றி, பொதுப் பணத்தைத் தன் பக்கம் திருப்பி, கடனையும் அடைத்துவிட்டார். கடன், ஓட்டு, திருட்டு எல்லாம் ஒரே பரிவர்த்தனைக்குள். திட்டத்துக்கு நஷ்டம் சுமார் 18 கோடி டாலர். சில நொடிகளுக்குக் கடன் வாங்கிய பணத்துக்கு அங்கே முழு ஓட்டுரிமை இருந்தது. எங்கள் ஊரில் ஒரு நாள் மட்டும் பூமியைக் கடன் வாங்கிச் சபையில் ஓட்டுப் போடுகிறேன் என்று யாராவது வந்தால் அவரை உள்ளே விடுவார்களா?

கிரிப்டோ கடன் திட்டமான காம்பவுண்டின் டிஏஓவில் நடந்தது இன்னும் நுட்பமானது. அதில் திருட்டு என்று சொல்ல ஒன்றுமில்லை. 2024 ஜூலை 28, ஞாயிற்றுக்கிழமை, சுமார் 2.4 கோடி டாலர் மதிப்புள்ள 4,99,000 டோக்கன்களை ஒரு தனிக் குழுவின் திட்டத்துக்குக் கொடுக்கும் தீர்மானம் 6,82,191-க்கு 6,33,636 என்ற ஓட்டில் ஜெயித்தது. பெரும் எதிர்ப்பு எழுந்து, பேச்சுவார்த்தை நடந்து, பிறகு அது கைவிடப்பட்டது. விதி தடுக்காததைப் பேச்சுதான் தடுத்தது. அந்தப் பேச்சுக்கு நேரம் கிடைத்ததால் தப்பித்தார்கள்.

நேரம் என்பது அவ்வளவு பெரிய விஷயம். 2016-இல் தி டிஏஓ என்ற முதல் பெரிய முயற்சியில் எத்தீரியம் என்ற பிளாக்செயினின் நாணயமான ஈதர் 36 லட்சம் களவு போனபோது, அந்தப் பணத்தைச் சில வாரங்களுக்கு வெளியே எடுக்க முடியாதபடி ஸ்மார்ட் கான்ட்ராக்டிலேயே ஒரு காத்திருப்பு இருந்தது. அந்த இடைவெளியில்தான் எத்தீரியம் சமூகம் விவாதித்து, ஜூலை 20 அன்று பிளாக்செயின் சங்கிலியையே இரண்டாகப் பிரித்துப் பணத்தை மீட்டது. அதை ஒப்புக்கொள்ளாதவர்கள் பழைய சங்கிலியிலேயே தொடர்ந்தார்கள். அதுதான் எத்தீரியம் கிளாசிக்.

2024 கடைசியில் வேறொரு டிஏஓவில் விதிகளைத் திருத்தும் குழுவில் சேர்ந்தேன். நான் முதலில் வைத்த யோசனை, ஓட்டை நாட்களோடு கட்டுவது. கர்வ் என்ற கிரிப்டோ திட்டம் 2020-இலேயே இதைச் செய்தது. டோக்கனை அதிகபட்சம் 4 வருடம் பூட்டி வைக்கலாம். எவ்வளவு காலம் பூட்டுகிறோமோ அவ்வளவு ஓட்டு. இது நல்ல வழி என்று இப்போதும் நம்புகிறேன். ஆனால் அங்கே பூட்டிய ஓட்டையே விலைக்கு விடும் சந்தையும் முளைத்துவிட்டது, அதனால் இது மட்டும் போதாது. ஆளுக்கு ஒரு ஓட்டு என்று வைக்கலாமே என்றார் ஒருவர். நம் கூட்டுறவு சங்கங்களில் எவ்வளவு பங்கு வைத்திருந்தாலும் உறுப்பினருக்கு ஒரு ஓட்டுதான். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஊரில் முகம் தெரியும். பிளாக்செயினில் ஒரே ஆள் ஆயிரம் வாலட் திறக்கலாம். ஆப்டிமிசம் என்ற பிளாக்செயின் திட்டம் 2022-இல் டோக்கன்காரர்களுக்கு ஒரு சபை, குடிமக்களுக்கு ஆளுக்கு ஒரு ஓட்டுடன் இன்னொரு சபை என்று இரண்டாக வைத்துப் பார்த்தது. எங்கள் குழு சின்னது, அந்த அளவுக்கு ஆள்பலம் இல்லை என்று விட்டுவிட்டோம்.

நான் விடாப்பிடியாக நின்றது வேறு ஒரு விஷயத்துக்கு. வாய்க்காலில் முறை என்று காகிதத்தில் எழுதியிருந்தாலும் தலைமடைக்காரருக்குப் பலம் அதிகம். கரையோரக் கிணற்றிலிருந்து மோட்டார் ஓடினாலோ, ராத்திரி ஒரு குழாயைச் செருகினாலோ, கடைமடைக்கு வர வேண்டிய தண்ணீர் பாதி வழியில் காணாமல் போகும். அதைக் காப்பாற்றுவது வாய்க்காலைக் கவனிக்கும் ஊழியரான லஸ்கரும், டார்ச்சை எடுத்துக்கொண்டு கரையில் நடக்கும் விவசாயிகளும்தான். டிஏஓவில் அந்த நடையை நடப்பவர்கள் யார்? தீர்மானத்தின் கடைசி வரிவரை படிப்பவர்கள், ஸ்மார்ட் கான்ட்ராக்டைச் சரிபார்ப்பவர்கள், பயனர் கேள்விக்குப் பதில் எழுதுபவர்கள். செலவைக் குறைக்கிறோம் என்று வரும்போது முதலில் வெட்டப்படுவதும் அவர்கள்தான். அதனால் இந்தப் பணிகளுக்கான நிதியை ஒரு வருடத்துக்கு முன்கூட்டியே ஒதுக்க வேண்டும், நிறுத்துவதானால் 60 நாள் அறிவிப்பு வேண்டும் என்று எழுதினேன்.

பொறுப்பு பற்றியும் எழுத வேண்டியிருந்தது. என் மாமா திருப்பூரில் சாய ஆலை வைத்திருந்தார். நொய்யலில் கழிவுநீர் கலந்த வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டபோது, ஒழுங்காக நடத்தியவரும் நடத்தாதவரும் சேர்ந்தே மூடினார்கள். கூட்டாக ஒரு காரியம் செய்தால் தவறின் சுமையும் கூட்டாகத்தான் வரும் என்பதை மாமா வீட்டில் அந்த வருடம் நேரில் பார்த்தேன். டிஏஓவுக்கும் அப்படித்தான்: ஊக்கி என்ற டிஏஓ மீது அமெரிக்காவின் சிஎஃப்டிசி (முன்பேர வர்த்தகத்தை ஒழுங்குபடுத்தும் ஆணையம்) 2022-இல் வழக்குப் போட்டது. முகவரி இல்லாத அமைப்பு என்பதால், இணையதளத்தின் உதவிப் பெட்டி வழியாகவும் சம்மனை அனுப்பினார்கள். யாரும் வந்து வாதாடவில்லை. 2023 ஜூனில் 6,43,542 டாலர் அபராதத்தோடு தீர்ப்பு வந்தது. உதவிப் பெட்டி! பட்டிப்பொங்கல் இரவில் கலைக்கப்பட்ட எங்கள் 6 பேரின் வேலையே அந்த மாதிரிப் பெட்டியைத் திறந்து படிப்பதுதான்.

திருத்தம் போன மாதம் ஓட்டுக்கு வந்து ஜெயித்தது. இப்போது அது அமலுக்கு வருவதற்கு முந்தைய காத்திருப்புக் காலம் ஓடுகிறது. இன்னும் 4 நாள் பாக்கி. நேற்று ஒரு ஆட்சேபம் வந்தது: 60 நாள் அதிகம், 30 போதும் என்கிறார் ஒரு உறுப்பினர். அவர் சொல்லும் காரணத்தில் நியாயம் இருக்கிறது. இன்றைக்கு உட்கார்ந்து அவருக்கு விரிவாகப் பதில் எழுத வேண்டும்.