பனிக்கு நடுவே ஒரு பச்சைக் கோடு

அமெரிக்காவின் மினசோட்டாவில் ஒரு வீட்டு முற்றம். எங்கும் முழங்கால் அளவு பனி. வெளியே நிற்கும் விறகு உலைக்கும் வீட்டுக்கும் நடுவில் மட்டும் நேர்கோடாகப் புல் தெரிகிறது.

அந்தக் கோடு அத்தனையும் வீணாய்ப்போன விறகு.

உலை தண்ணீரைச் சூடாக்கும். மண்ணுக்கடியில் பெக்ஸ் என்னும் பிளாஸ்டிக் குழாய், வீட்டைச் சூடாக்க அதை உள்ளே கொண்டுபோகும். குழாயின் உறைக்குள் ஈரம் புகுந்துவிட்டால் சூடெல்லாம் மண்ணுக்குத்தான்; மேலே பனி உருகிப் புல் தெரியும். உலைக்கு ஆயிரக்கணக்கில் டாலர் கொடுத்துவிட்டுக் குழாயில் மிச்சம் பிடிப்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. நுரை நிரப்பிய, நீர் புகாத குழாயையே வாங்குங்கள்.

அடுத்தது அளவு.

"பெரிசா இருந்தா நல்லதுதானே?"

இல்லை. தேவைக்கு மிஞ்சிய உலை பாதி நேரம் காற்று அடைபட்டுப் புகைந்துகொண்டே கிடக்கும். கிரியோசோட் என்னும் தார் போன்ற கசடு படியும். பக்கத்து வீட்டுக்காரர் இருமுவார். முதலில் வீட்டின் வெப்ப இழப்பைக் கணக்கிடுங்கள்.

உலைக்குத் திரும்பும் தண்ணீர் 60 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகக் கூடாது. போனால் புகையின் ஈரம் உள்சுவரில் வியர்த்து, அமிலமாகி, இரும்பை அரிக்கும். அதைத் தடுக்க, திரும்பும் தண்ணீரோடு சூடான தண்ணீரைக் கலக்கும் ஒரு கலப்பு வால்வு போதும். விற்பவரிடம் கேட்டு வாங்குங்கள்.

2020 மே முதல் அமெரிக்காவில் புதிய உலைகளுக்குப் புகை வரம்பு கடுமையாகிவிட்டது. இப்போது வருபவற்றில் பல, விறகை வாயுவாக்கி எரிப்பவை. பச்சை விறகு இவற்றுக்கு ஆகவே ஆகாது; ஈரம் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஓக் மரம் என்றால் பிளந்து அடுக்கி இரண்டு கோடை காயவிடுங்கள்.

உலைக்கு முன்பணம் கட்டும் முன்பே விறகுக் கொட்டகையைப் போட்டுவிடுங்கள்.