கத்திரி வெயிலில் ஒரு மடக்கு

ஏப்ரல் 28

அத்தான் துபாயிலிருந்து வந்தாச்சு. திருவனந்தபுரத்தில் இறங்கி, டாக்ஸி பிடித்து, நேராகப் பாளையங்கோட்டை. பெட்டியில் துணிகளுக்கு நடுவே ஒரு லிட்டர் பாட்டில் இரண்டு. வெளிநாட்டிலிருந்து வருகிறவர் வரியில்லாமல் இரண்டு லிட்டர் கொண்டுவரலாம், அதில் ஒரு சொட்டைக்கூட அவர் இதுவரை விட்டுக்கொடுத்ததில்லை. ஒன்று பிளாக் லேபிள் விஸ்கி, யாருக்கும் பிடிக்காமல் போகாது என்று வாங்குகிற சரக்கு. இன்னொன்று லஃப்ராய்க், பத்து வருஷம் பீப்பாயில் கிடந்த ஸ்காட்லாந்து விஸ்கி. "புகை வாசம் அடிக்கும்னு சொன்னான் மாப்ள, நீதான் இந்த மாதிரி கிறுக்குக்கெல்லாம் ஆளு" என்று கையில் கொடுத்தார்.

அலமாரியில் ஏற்கெனவே நம் நாட்டு விஸ்கிகளான அம்ருத் ஃப்யூஷனும் பால் ஜான் பிரில்லியன்ஸும் இருக்கின்றன. கோடை முழுக்க இவற்றை ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக வைத்துக் குடித்துப் பார்க்கலாம் என்று திட்டம். அளவுக்கு இருமல் மருந்து மூடி, பத்து மில்லி. ஒரு ராத்திரிக்கு அறுபது மில்லிக்கு மேல் கிடையாது. குறிப்பை அன்றைக்கே எழுதிவிட வேண்டும், மறுநாள் யோசித்தால் எல்லாமே நன்றாக இருந்ததாகத்தான் தோன்றும்.

மே 5

நேற்று கத்திரி தொடங்கிவிட்டது. மாடி அறையில் ராத்திரி எட்டரைக்கும் 34 டிகிரி காட்டுகிறது. தட்டட்டி பகலெல்லாம் வாங்கின சூட்டை இப்போதுதான் கீழே இறக்கிக்கொண்டிருக்கிறது.

ஃப்யூஷனை ஊற்றி மூக்குக்குக் கொண்டுபோனால் கண்ணில் தண்ணீர் வருகிறது. 50 சதவீத ஆல்கஹால், இந்தச் சூட்டில் அது கிளாஸில் உட்காரவே மாட்டேன் என்கிறது. வாசம் எல்லாம் அதற்குப் பின்னால் மாட்டிக்கொள்கிறது. பிளாக் லேபிள் 40 என்பதால் கொஞ்சம் பரவாயில்லை. ஐஸ் போட்டால் எரிச்சல் அடங்கும்தான், கூடவே வாசமும் அடங்கிவிடும், அப்புறம் ஒப்பிட என்ன இருக்கிறது? கடைசியில் கண்ட வழி இது: வெறும் கிளாஸை மண்பானைத் தண்ணீருக்குள் கால் மணி நேரம் முக்கி வைத்துவிட்டு, துடைத்து, அதில் ஊற்றுவது. அதே பானைத் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் சரக்கிலும் விடலாம். விட்ட பிறகு ஃப்யூஷனில் முதலில் கருப்பட்டி, பிறகு ஆரஞ்சுத் தோல், எல்லாம் முடிந்த பிறகு மெல்லிசாக ஒரு புகை. இந்திய பார்லியும் புகை காட்டின ஸ்காட்லாந்து பார்லியும் சேர்ந்தது அது. பக்கத்தில் வைத்தால் பிளாக் லேபிள் வழுவழுவென்று இருக்கிறது, குறை சொல்ல ஒன்றும் இல்லை, நினைவில் நிற்கவும் ஒன்றும் இல்லை.

அத்தானுக்கு ஒரு சந்தேகம். பிளாக் லேபிளில் பன்னிரண்டு வருஷம் என்று போட்டிருக்கிறான், அம்ருத்தில் வருஷமே காணோமே, ஏமாற்று வேலையா? ஏமாற்று இல்லை, வெயில். மரப் பீப்பாயில் இருக்கிற சரக்கு கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றில் போகும், அதைத் தேவதைகளின் பங்கு என்பார்கள். ஸ்காட்லாந்துக் குளிரில் வருஷத்துக்குச் சுமார் 2 சதவீதம், அம்ருத் வடிக்கிற பெங்களூரில் 10, 12 வரை போகிறது. பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினேன். 200 லிட்டர் பீப்பாயைப் பன்னிரண்டு வருஷம் வைத்தால் அங்கே 157 லிட்டர் மிஞ்சும், இங்கே 10 சதவீதம் என்றே வைத்தாலும் 56 லிட்டர்தான். ஆனால் அதே சூடுதான் மரத்திலிருந்து நிறத்தையும் ருசியையும் சீக்கிரம் இழுத்துக் கொடுக்கிறது, அதனால் நாலைந்து வருஷத்திலேயே திறந்துவிட முடிகிறது. 2013-இல் அம்ருத் எட்டு வருஷம் பொறுத்து ஒரு சரக்கை வெளியிட்டபோது அதற்கு வைத்த பெயரே கிரீடி ஏஞ்சல்ஸ், பேராசை பிடித்த தேவதைகள். பெங்களூருக்கே இந்தக் கதி என்றால் பாளையங்கோட்டையில் பீப்பாய் வைத்தால் தேவதைகள் குடும்பத்தோடு வந்து தங்கிவிடும்.

மே 9

கரண்ட் இல்லை. பானைத் தண்ணீர் மட்டும் குடித்தேன், அதற்கு நிகர் ஒன்றும் இல்லை.

மே 12

காலையில் திருச்செந்தூர் ரோட்டில் பதநீர். பனையோலைப் பட்டையில் ஊற்றி, நுங்கைக் கீறிப் போட்டுக் கொடுத்தார் ஒரு அண்ணாச்சி. விஸ்கிக் குறிப்பில் பதநீருக்கு என்ன வேலை என்று கேட்கலாம். கலயத்தின் உள்பக்கம் தடவின சுண்ணாம்பை எடுத்துவிட்டால் இது சாயங்காலத்துக்குள் கள். சுண்ணாம்பின் காரம் இருக்கிறவரை நுரைமம், அதாவது ஈஸ்ட், வேலை செய்யாது, இல்லையென்றால் இந்த வெயிலில் மரத்திலிருந்து இறக்கும்போதே பொங்க ஆரம்பித்திருக்கும். பீர் காய்ச்சுகிறவன் தானியத்தை முளைகட்டி, வேகவைத்து, நுரைமம் போட்டு வாரக்கணக்கில் காத்திருக்கிறான், பனைமரத்துக்கு ஒரு பகல் போதும்.

இங்கே 1987 முதல் கள்ளுக்குத் தடை. செங்கோட்டை தாண்டி, புளியரை தாண்டி, ஆரியங்காவுக்குப் போய்விட்டால் கேரளத்தில் அதே கள் கடை வைத்து விற்கலாம். செங்கோட்டையே 1956 வரை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்த ஊர்தான். மலைக்கு இந்தப் பக்கம் குற்றம், அந்தப் பக்கம் மத்தியானச் சாப்பாட்டோடு ஒரு குப்பி. எனக்கு இந்த நியாயம் இன்றுவரை விளங்கினதில்லை.

பதநீர் பற்றி: இனிப்பு தொண்டையில் நிற்கிறது, சுண்ணாம்பு வாசம் லேசாக உண்டு, நுங்கு இல்லாமல் இரண்டாவது பட்டை குடிக்க முடியாது.

மே 18

இன்றைக்குப் பீர். மச்சினன் வந்திருந்தான். "நான் ஹாட் எல்லாம் தொடமாட்டேன் அத்தான், பீர் மட்டும்தான்" என்று சொல்லிக்கொண்டே 650 மில்லி ஸ்ட்ராங் பாட்டிலைத் திறக்கிற ஆள். அவனுக்கும் ஒரு கணக்கு. 8 சதவீத ஸ்ட்ராங் பீர் ஒரு பாட்டிலில் 52 மில்லி சுத்த ஆல்கஹால் இருக்கிறது. 42.8 சதவீத விஸ்கியில் ஒரு லார்ஜ், அதாவது 60 மில்லி, அதில் இருப்பது 26-க்குக் கொஞ்சம் கீழே. ஆக ஒரு ஸ்ட்ராங் என்பது இரண்டு லார்ஜ். பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஆனா இது குளிர்ச்சில்லா" என்றான். அதற்குப் பதில் சொல்ல எந்தக் கணக்கும் இல்லை.

ருசியைப் பொறுத்தவரை என் கட்சி 5 சதவீத லாகர்தான். ஸ்ட்ராங்கில் ஒரு தித்திப்பு வருகிறது, சில்லென்று இருக்கிறவரை தெரியாது, கொஞ்சம் சூடானதும் கிளாஸைக் கீழே வைக்கத் தோன்றும். நம் ஊரில் அது சூடாக எத்தனை நேரம் ஆகும்?

ஒரு சோதனையும் செய்தோம். ஒரே பிராண்ட், பச்சை பாட்டில் இரண்டு. ஒன்றை அலமாரி இருட்டில் வைத்தோம், இன்னொன்றைப் பதினொரு மணி வெயிலில் தட்டட்டி கைப்பிடிச் சுவரில். மத்தியானம் இரண்டையும் ஒன்றாக ஃப்ரிட்ஜில் போட்டுச் சாயங்காலம் திறந்தோம். வெயில் பாட்டில் மூடியைத் தூக்கினதுமே அழுகின வெங்காய நாற்றம், மச்சினனே முகத்தைச் சுளித்தான். பீருக்குக் கசப்பு கொடுக்கிற ஹாப்ஸ் பூவின் சத்து வெளிச்சத்தில் உடைந்து கந்தகம் கலந்த ஒன்றாக மாறிவிடுகிறது, அதற்குச் சூடு வேண்டாம், வெளிச்சமே போதும். பழுப்புக் கண்ணாடி அந்த வெளிச்சத்தைப் பெரும்பாலும் தடுக்கும், பச்சை அவ்வளவாகத் தடுக்காது. பச்சை பாட்டில்தான் உசத்தி என்று எத்தனை பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மே 26

பெரியப்பா வந்தார். மிலிட்டரியில் இருந்து ஓய்வு பெற்றவர், கேன்டீன் ரம் தவிர வேறு எதையும் மதிக்க மாட்டார். அவர் முன்னால் கிளாஸ் எடுக்க எனக்கு இன்னும் கூச்சம்தான், தார்சாவில் அவர் நாற்காலியில், நான் கொஞ்சம் தள்ளித் திண்டில். "ஏலே, உன் மால்ட்டு கீல்ட்டு எல்லாம் கொண்டா, என்னதான் இருக்குன்னு பாப்போம்" என்றார். பால் ஜான் ஊற்றிக் கொடுத்தேன். நான் தடுப்பதற்குள் ஐஸ் நாலு கட்டி, அது போதாதென்று பாதி கிளாஸ் தண்ணீர். சரக்கு கலங்கி, அரிசி களைந்த தண்ணீர் போல ஆகிவிட்டது. கிளாஸை ட்யூப்லைட்டில் தூக்கிப் பார்த்தார். "இது டூப்ளிகேட்லே! எவனோ உன் தலையில கட்டிட்டான்."

நல்ல சரக்கு என்பதற்கு அதுதான் சாட்சி என்று புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. மால்ட்டில், அதாவது முளைகட்டின பார்லியில் வடித்த விஸ்கியில், கொழுப்பு சார்ந்த பொருட்கள் கொஞ்சம் இருக்கும், பால் ஜானின் 46 சதவீத ஆல்கஹாலில் அவை கரைந்தே கிடக்கும். தண்ணீர் சேர்ந்து சதவீதம் இறங்கி, குளிரும் சேர்ந்தால் பிரிந்து கலங்கலாகத் தெரியும். பெரும்பாலான கம்பெனிகள் ஆரம்பத்திலேயே குளிரவைத்து வடிகட்டி அதை எடுத்துவிடுவார்கள், பார்வைக்குத் தெளிவாக இருக்க வேண்டுமே. பால் ஜானில் அப்படி வடிகட்டுவதில்லை. பெரியப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "தெளிவா இருக்கதை விட்டுட்டு கலங்கினதைக் குடிக்கச் சொல்லுத" என்று ஓல்ட் மாங்குக்குப் போய்விட்டார்.

ஓல்ட் மாங்க் 1954-இல் வந்த சரக்கு, விளம்பரம் இல்லாமலே ஓடுகிறது. அதன் 42.8 சதவீதம் எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பழைய பிரிட்டிஷ் கணக்கில் 100 ப்ரூஃப் என்பது சுமார் 57 சதவீதம், அதில் முக்கால் பங்கு, 75 ப்ரூஃப். அந்தக் காலத்தில் சரக்கை வெடிமருந்தில் ஊற்றிக் கொளுத்திப் பார்ப்பார்களாம், பற்றினால் ப்ரூஃப். வெள்ளைக்காரன் போனான், முக்கால் கணக்கு நின்றுவிட்டது. பெரியப்பா ரம்மில் காளிமார்க் பொவொன்டோ ஊற்றிக் குடித்தார். ஒரு வாய் வாங்கிப் பார்த்தேன், சொல்ல வெட்கமாக இருக்கிறது, அன்றைக்குக் குடித்ததிலேயே அதுதான் நன்றாக இருந்தது.

ஜூன் 10

மேற்கே மேகம் கட்டுகிறது. லஃப்ராய்க்கைத் திறந்தேன். சமையல்கட்டிலிருந்து குரல்: "டிஞ்சர் பாட்டில் எதுவும் உடைஞ்சிட்டா?" அவளைக் குறை சொல்ல முடியாது, அயோடின் வாசமேதான். லஃப்ராய்க் வடிக்கிற ஸ்காட்லாந்தின் ஐலா தீவில் முளைகட்டின பார்லியைக் காயவைக்க பீட் என்கிற கரிமண்ணை எரிப்பார்கள், அந்தப் புகை தானியத்தில் ஏறி, வடித்த பிறகும் போகாது. அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்தபோது இதை மருந்து என்று சொல்லி உள்ளே விட்டார்களாம், நம்பியிருப்பார்கள்.

பானைத் தண்ணீர் சில சொட்டு விட்டால் புகை குறையும் என்று நினைத்தால் கூடுகிறது. புகை வாசம் கொடுக்கிற குவையகால் என்கிற பொருள், தண்ணீர் சேரச் சேர மேல்பரப்புக்கு வருகிறது என்று 2017-இல் ஸ்வீடனில் இரண்டு பேர் கணினியில் கணக்கிட்டு எழுதியிருக்கிறார்கள். பக்கத்தில் ஃப்யூஷனை வைத்தேன். போன மாதம் புகை புகை என்று எழுதினேனே, இதற்கு முன்னால் அதில் புகையே இல்லை.

ஜூன் 15

கிளாஸுக்கு அடியில் பெயர் ஒட்டி டீ கிளாஸ் நாலு: பிளாக் லேபிள், பால் ஜான், லஃப்ராய்க், ஒரு உள்ளூர் குவார்ட்டர் விஸ்கி. லஃப்ராய்க்கை எல்லோரும் கதவு தாண்டும்போதே கண்டுபிடித்துவிட்டார்கள். குவார்ட்டரை மச்சினன் முதல் இடத்தில் வைத்தான், பெரியப்பா பிளாக் லேபிளை "நல்ல பிராந்தி" என்றார். உள்ளூர் விஸ்கி பெரும்பாலும் கரும்புச் சக்கைப்பாகிலிருந்து வடித்த ஸ்பிரிட்டில் கொஞ்சம் மால்ட் கலந்தது, ஐரோப்பாவில் தானியத்திலிருந்து வடிக்காததை விஸ்கி என்று விற்க முடியாது. ஒரு வகையில் அது ரம்முக்குத் தம்பி. மச்சினனுக்குப் பிடித்தது அந்தத் தித்திப்புதான் என்று நினைக்கிறேன். சோடா ஊற்றினால் எனக்கும் பிடிக்கும்.

ஜூன் 29

இலஞ்சியில் நண்பன் வீடு. குற்றாலத்தில் சாரல் நன்றாகப் பிடித்துவிட்டது, சாயங்காலம் 25 டிகிரி. ஃப்யூஷனைக் கையோடு கொண்டுவந்திருந்தேன். பானை வேண்டியிருக்கவில்லை, தண்ணீரும் வேண்டியிருக்கவில்லை. அதே 50 சதவீதம், கண் எரியவில்லை. மே மாதம் கருப்பட்டி என்று எழுதினது இங்கே கருப்பட்டி, ஏலக்காய், லேசாகக் காய்ந்த திராட்சை என்று தனித்தனியாக நிற்கிறது, புகையும் கடைசி வரை காத்திருக்காமல் நடுவிலேயே வருகிறது. பாட்டில் பாதியானதும் காற்றுப்பட்டு மாறும் என்பார்கள், அதுவும் கொஞ்சம் இருக்கலாம். ஆனால் இவ்வளவு வித்தியாசத்துக்கு வெயில்தான் காரணம் என்பேன். கத்திரியில் எழுதின குறிப்புகளை வைத்து எந்த மால்ட்டுக்கும் மார்க் போடக் கூடாது.

நண்பன் அவசரப்பட்டு பார்டர் பரோட்டாவும் நாட்டுக்கோழி வறுவலும் வாங்கிவந்துவிட்டான். வறுவல் நாக்கில் பட்ட பிறகு எதைக் குடித்தாலும் மிளகுதான், ஒப்பீட்டை அத்தோடு மூட்டை கட்டியாச்சு. மீதி ராத்திரிக்குக் கொதித்த தண்ணீரில் ரம், இரண்டு கிராம்பு, ஒரு துண்டு கருப்பட்டி. பீர் இரண்டு பாட்டில் குளிரவைத்திருந்தான், இந்தச் சாரலில் யாரும் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.